கடல் கடந்த சிலந்தி

ஜமைக்கா என்பது கரிபியக் கடலில் அமைந்த ஒரு தீவு. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 235 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் கிழக்குப் பகுதியில் நீலமலைத் தொடர் ஓங்கி நிற்கின்றது. அத்தொடரின் உச்சி 2,256 மீட்டர் உயரமுள்ளது. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அம்மலையின்மீது மெல்லிய நீலப் புகை படர்ந்திருப்பது போலத் தோன்றும். மலையின் வடசரிவில், மழை மிகுந்த போர்ட்லாந்து வட்டாரத்தில், ஒரு சிற்றூர்ப் பள்ளியில் 1974-ஆம் ஆண்டு முதல் இரண்டு ஆண்டுகள் நான் ஆசிரியனாகப் பணிபுரிந்தேன். வாழைத் தோட்டங்களும் சீமைப்பலா மரங்களும் சூழ்ந்த அழகிய ஊர் அது. அங்கே நான் கற்பித்தது ஆங்கிலம், கற்றுக்கொண்டது வேறொன்று. அக்கல்வியை எனக்கு அளித்தவர்கள் இருவர். ஒருவர் எழுத்தறியாத மூதாட்டி. மற்றொருவர் அவருடைய பதினொரு வயதுப் பேத்தி.

ஜமைக்கா 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடுதலை பெற்றது. ஆயினும், நான் சென்ற காலத்தில் பள்ளிகளில் ஆங்கிலத்தின் ஆட்சி சிறிதும் குறையவில்லை. வீட்டிலும் கடைத்தெருவிலும் மக்கள் பேசுவது ஒரு மொழி. வகுப்பில் பேசவேண்டுவது மற்றொரு மொழி. மக்கள் மொழியைப் 'பட்வா' என்று அழைப்பர். அதிலுள்ள சொற்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலிருந்து வந்தவை. அதனால், புதிதாகக் கேட்பவனுக்கு அது சிதைந்த ஆங்கிலம் போலவே தோன்றும். நானும் அவ்வாறே எண்ணினேன். அச்சிதைவைத் திருத்துவதே என் கடமை என்றும் கருதினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இறுதிப் பாடவேளையில், மாணவர் ஒவ்வொருவரும் முன்னால் வந்து ஒரு கதை சொல்லவேண்டும் என்று பணித்தேன். சிலர் பாடப் புத்தகத்திற் படித்த அரசகுமாரியின் கதையைச் சொன்னார்கள். ஒருவன் பனி பொழியும் இரவைப் பற்றிச் சொன்னான். அவன் தன் வாழ்நாளில் பனி பொழியக் கண்டதில்லை, நானும் கண்டதில்லை. எனினும் அவன் சொன்ன வாக்கியங்கள் இலக்கணப் பிழையின்றி இருந்தன. ஆகவே அவனைப் பாராட்டினேன்.

அடுத்து ஒரு சிறுமி எழுந்து வந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் கண்களில் ஓர் ஒளி தோன்றியது. புலியும் சிலந்தியும் பேசிக்கொண்ட கதை ஒன்றைத் தன் வீட்டு மொழியில் சொல்லத் தொடங்கினாள். அதுவரையில் சோர்ந்திருந்த வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. நானோ அவள் வினைச்சொல்லைப் பிழையாகச் சொன்னாள் என்று இடைமறித்துத் திருத்தினேன். அவள் திருத்திக்கொண்டு மேலே சொன்னாள். பன்மை பிழையென்று மீண்டும் நிறுத்தினேன். மூன்றாம் முறை நான் நிறுத்தியபோது, கதையில் புலி சிரிக்கும் கட்டம் வந்திருந்தது. அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, "மறந்து போயிற்று ஐயா" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்திற்குச் சென்று அமர்ந்தாள். என் குறிப்பேட்டில் அவள் பெயருக்கு நேரே, 'ஆயத்தம் செய்து வரவில்லை' என்று எழுதினேன்.

அன்று முதல் அச்சிறுமி வகுப்பில் தானாக வாய் திறந்ததில்லை. கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் விடையிறுப்பாள், அவ்வளவே. அதனை அடக்கம் என்று எண்ணினேன். நல்ல மாணவி என்று மதிப்பெண்ணும் அளித்தேன். ஒரு குழந்தையின் வாயை நானே அடைத்துவிட்டேன் என்பது எனக்கு விளங்க நான்கு திங்கள் ஆயின.

அவ்வூரில் முதிய உழவர் ஒருவர் காலமானார். இறந்த ஒன்பதாம் நாள் இரவு ஊரார் ஒன்றுகூடி விழித்திருப்பது அத்தீவின் வழக்கம். இறந்தவரின் உயிர் அன்றுதான் வீட்டைவிட்டு முற்றிலும் நீங்குகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே அழுகையோடு அந்த இரவைக் கழிப்பதில்லை. பக்திப் பாடல்கள் பாடுவார்கள், விடுகதை போடுவார்கள், கதைகள் சொல்வார்கள். எனக்கும் அழைப்பு வந்தது, சென்றேன். முற்றத்தில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். வந்தவர்க்கெல்லாம் காப்பியும் பொரித்த மீனும் ரொட்டியும் வழங்கினார்கள். ஒருபுறம் ஆடவர் சிலர் டோமினோக் காய்களை மேசைமீது ஓங்கி அடித்து ஆடிக்கொண்டிருந்தனர். இருண்ட வாழைத் தோட்டத்தில் மின்மினிகள் பறந்தன. அவற்றை அவர்கள் 'பீனி வாலி' என்பார்கள்.

நள்ளிரவு நெருங்கியபோது, ஊரார் ஒரு மூதாட்டியைக் கதை சொல்லுமாறு வேண்டினர். அவர் இளமையில் போர்ட் அன்டோனியோத் துறைமுகத்தில் இரவெல்லாம் வாழைத்தார்களைத் தலையில் சுமந்து கப்பலில் ஏற்றியவர். ஒரு மரப்பெட்டியின்மீது அமர்ந்து, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கதையைத் தொடங்கினார். அவர் சொன்ன கதையைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முன்னொரு காலத்தில் காட்டிலுள்ள விலங்குகளிலெல்லாம் வலிமை மிக்கது புலி. அதனால் உலகிலுள்ள கதைகள் அனைத்தும் 'புலிக்கதைகள்' என்றே பெயர் பெற்றிருந்தன. எல்லாரினும் எளியவன் அனான்சி என்னும் சிலந்தி. அவன் ஒருநாள் புலியின் முன் சென்று வணங்கி, "அண்ணா, இனிமேல் கதைகளுக்கெல்லாம் என் பெயர் வழங்கவேண்டும்" என்று கேட்டான். புலி காடு அதிரச் சிரித்தது. "அப்படியே ஆகட்டும். ஆனால் ஒன்று. பாம்பண்ணனை உயிரோடு கட்டி என்னிடம் கொண்டுவா" என்றது. சிலந்தியாவது, பாம்பைக் கட்டுவதாவது என்று மற்ற விலங்குகளும் சிரித்தன.

அனான்சி ஒரு நீண்ட மூங்கிலை வெட்டிப் பாம்பின் வளையருகே கொண்டுபோய் வைத்தான். அதனைப் பார்ப்பதும், தலையை அசைப்பதும், பெருமூச்சு விடுவதுமாக இருந்தான். பாம்பு வெளியே வந்து காரணம் கேட்டது. "அண்ணா, இவ்வுலகில் உம்மினும் நீளமானவர் எவருமில்லை என்று நான் சொன்னேன். இந்த மூங்கில் உம்மைவிட நீளம் என்று அவர்கள் சொல்கிறார்கள். உம் பொருட்டு எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்றான் அனான்சி. பாம்பு சினங்கொண்டு மூங்கிலின் பக்கத்தில் நீட்டிப் படுத்தது. "நான் தலைப்பக்கம் போனால் வால் சுருங்குகிறது, வால்பக்கம் வந்தால் தலை நகருகிறது. வாலைச் சற்றுக் கட்டிவிடட்டுமா?" என்று கேட்டான் அனான்சி. கட்டுவதற்குப் பாம்பு இசைந்தது. பிறகு நடுவுடலைக் கட்டினான். "இன்னும் ஒரு விரற்கடைதான் குறைகிறது, கண்ணை மூடிக்கொண்டு முழு வலிமையோடு நீளும்" என்றான். பாம்பு கண்ணை மூடி நீண்டது. அந்த நொடியில் அனான்சி அதன் கழுத்தையும் கட்டிவிட்டான். அன்று முதல் கதைகளெல்லாம் அனான்சிக் கதைகள் ஆயின.

மூதாட்டி இதனைச் சொன்ன திறத்தை நான் எழுத்தில் காட்ட இயலாது. புலியாகும்போது அவர் தோள் அகன்றது. சிலந்தியாகும்போது குரல் மூக்கிலிருந்து வந்தது. பாம்பு பேசவேண்டிய இடத்தில் அவர் சற்றே நிறுத்தினார். உடனே கூட்டத்திலிருந்து ஒரு குரல், வழவழவென்று நெளிந்து, பாம்பாகவே பேசியது. எல்லாரும் சிரித்து ஆரவாரித்தனர். அக்குரல் யாருடையது என்று திரும்பிப் பார்த்தேன். நான்கு திங்களாக என் வகுப்பில் ஊமைபோல் இருந்த அந்தச் சிறுமிதான் மூதாட்டியின் அருகே முழந்தாளிட்டு அமர்ந்திருந்தாள். வகுப்பில் அவள் சொல்லத் தொடங்கிய கதையும் இதுவே. புலி சிரிக்கும் இடத்தில் அதனை நிறுத்தியவன் நான்.

விடியற்காலையில் கூட்டம் கலைந்தது. நான் மூதாட்டியின் அருகிற் சென்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஐயா, அவள் உங்கள் ஆங்கிலத்தைக் கட்டாயம் படிக்கவேண்டும். படிக்காமற் போனால் என்னைப் போலத் தார் சுமக்கவேண்டியதுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அதைப் படிப்பதற்கு இதை விட்டொழிக்கவேண்டுமா? அன்று பள்ளியிலிருந்து வந்தவள், 'பாட்டி, நம் பேச்செல்லாம் பிழையாம்' என்று சொன்னாள். இத்தனை ஆண்டு நான் பேசியது முழுவதும் பிழையா, ஐயா?" என்று கேட்டார். நான் விடை சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மறுநாள் இதனைத் தலைமையாசிரியையிடம் கூறினேன். அவர் தம் அறையிலிருந்த மரப்பேழையைத் திறந்து சில நூல்களை எடுத்துக் கொடுத்து, "முதலில் இவற்றைப் படியுங்கள்" என்றார். அடுத்த சில வாரங்களில் நான் அவற்றையும், அவை காட்டிய வேறு நூல்களையும் தேடிப் படித்தேன்.

ஜமைக்காக் காடுகளில் பாம்பு உண்டு, புலி இல்லை. என்றும் இருந்ததுமில்லை. பின் எப்படிக் கதையில் புலி வந்தது? அக்கதையே வேறு நிலத்திலிருந்து வந்தது என்பதற்கு இது ஒரு சான்று. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்று கானா என வழங்கும் நாட்டில், அக்கான் மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் மொழியில் 'அனான்சே' என்றால் சிலந்தி. ராட்ரே என்பவர் அசாந்தி மக்களின் கதைகளைத் தொகுத்து 1930-ஆம் ஆண்டில் வெளியிட்டார். வானத்துக் கடவுளாகிய நியாமேயிடமிருந்து சிலந்தி கதைகளை விலைக்குப் பெற்ற வரலாறு அம்மக்களிடையே வழங்குகின்றது. அவ்விலையில் ஒரு பகுதி மலைப்பாம்பு. அதனையும் அவன் ஒரு கழியோடு ஒப்பிட்டு அளப்பதாகச் சொல்லியே கட்டுகிறான். அங்கே கடவுள் இருந்த இடத்தில், ஜமைக்காவில் புலி வந்து அமர்ந்திருக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

இக்கதை கடலைக் கடந்தது எவ்வாறு? கப்பலின் அடித்தட்டில், விலங்கிடப்பட்ட மனிதரோடு கடந்தது. 1655-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஜமைக்காவை ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றினர். பின்னர் கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காகப் பல நூறாயிரம் ஆப்பிரிக்கரை அடிமைகளாகக் கொண்டுவந்தனர். வந்தவர் தம் நிலத்தை இழந்தனர்; சுற்றத்தை இழந்தனர்; தம் பெயரையும் இழந்தனர். கையில் ஒன்றும் கொண்டுவர இயலவில்லை. நினைவில் மட்டும் கொண்டுவர இயன்றது. அவர்களுக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்டது. எனினும் பகலெல்லாம் கரும்பு வெட்டியவர்கள் இரவில் குழந்தைகளைச் சுற்றி அமர்த்திக்கொண்டு சிலந்தியின் கதையைச் சொன்னார்கள். சவுக்கைக் கையில் வைத்திருந்தவன் அவர்கள் கண்ணில் புலியாகத் தோன்றியிருப்பான். எளியவன் அறிவினால் வலியவனை வெல்லும் கதை, அவர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டுமன்று. உயிர்த்திருப்பதற்கு ஒரு துணை. 1834-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1838-இல் முழு விடுதலை கிடைத்தது. விலங்கு அகன்ற பிறகும் சிலந்தி அவர்களை விட்டு நீங்கவில்லை.

அனான்சி எப்போதும் நல்லவன் அல்லன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். பல கதைகளில் அவன் பேராசைக்காரன், பொய்யன், சொந்த மனைவி மக்களையும் ஏமாற்றுபவன். இத்தகையவனைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா என்று கேட்போர் ஜமைக்காவிலும் உண்டு. அதற்குக் கதை சொல்வோர் ஒரு வழி வைத்திருக்கின்றனர். அவர்கள் நம்பிக்கையில், விண்ணுலகின் வாயிற்காவலன் ஒருவன் உண்டு. அவன் பெயர் ஜாக் மண்டோரா. கதை முடிந்ததும் கதை சொன்னவர் அவனை விளித்து, இதிலுள்ள தீமைக்குத் தாம் உடந்தையல்லர் என்னும் கருத்தமைந்த ஒரு தொடரைச் சொல்லவேண்டும். கதையைக் கேட்டு மகிழலாம். சூழ்ச்சியைப் பின்பற்றவேண்டியதில்லை என்பது அதன் குறிப்பு.

வாய்மொழியாக வாழ்ந்த இக்கதைகள் ஏட்டில் ஏறிய வரலாறும் சுவையானது. நீலமலைச் சாரலில் வாழ்ந்த வால்ட்டர் ஜீக்கில் என்னும் ஆங்கிலேயர் உழவரிடம் கேட்ட கதைகளையும் பாடல்களையும் தொகுத்து 1907-இல் ஒரு நூலாக்கினார். கிளாட் மக்கே என்னும் உழவர் குடி இளைஞர் ஆங்கிலப் புலவர்களைப் பின்பற்றிக் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். நும் மக்கள் மொழியிலேயே பாடுக என்று அவரை ஊக்கியவரும் ஜீக்கிலே. மக்கேயின் கவிதை நூல்கள் இரண்டு 1912-இல் வெளிவந்தன. மார்த்தா பெக்வித் என்னும் அமெரிக்க அம்மையார் தொகுத்த அனான்சிக் கதைகள் 1924-இல் அச்சாயின. ஜமைக்காவைச் சேர்ந்த அறிஞர் பிலிப் ஷெர்லக் சிறுவர்க்காக அக்கதைகளை எழுதி 1954-இல் வெளியிட்டார்.

இவர்கள் எல்லாரினும் மக்கள் உள்ளத்தில் இடம்பெற்றவர் லூயிஸ் பென்னட் அம்மையார். 'மிஸ் லூ' என்றே நாடு முழுவதும் அவரை அழைத்தது. அவர் 1919-ஆம் ஆண்டில் கிங்ஸ்டன் நகரில் பிறந்தவர். இளம்பெண்ணாக இருந்தபோது ஒருநாள் நன்றாக உடுத்திக்கொண்டு டிராம் வண்டியில் ஏறினார். பின் இருக்கைகளில் கூடைகளோடு அமர்ந்திருந்த சந்தைக்காரப் பெண்கள், இந்தப் பகட்டுக்காரிக்கு இடம் கொடாமல் பரந்து உட்காருங்கள் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டனர். வேறொருவர் வெகுண்டிருப்பார். பென்னட்டோ அப்பேச்சின் உயிர்த்துடிப்பைக் கண்டு வியந்தார். அம்மொழியிலேயே கவிதை எழுதத் தொடங்கினார். 1942-இல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. மக்கள் மொழியில் எழுதுவது இலக்கியமாகாது என்று ஒதுக்கியோர் பலர். அவர் தளரவில்லை. ஆங்கிலம் லத்தீனிலிருந்தும் பிரெஞ்சு மொழியிலிருந்தும் சொற்களை எடுத்துக்கொண்டால் அதற்கு வளர்ச்சி என்று பெயர். நாம் ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்டால் மட்டும் சிதைவு என்று பெயரா என்னும் கருத்தை நகைச்சுவையோடு எடுத்துரைத்தார்.

நான் அங்கிருந்தபோது அவர் தொலைக்காட்சியில் சிறுவர்க்கென ஒரு நிகழ்ச்சியை நடத்திவந்தார். 1970 முதல் 1982 வரை நிகழ்ந்தது அது. எங்கள் ஊர்க் கடையிலிருந்த ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் சனிக்கிழமைதோறும் குழந்தைகள் திரள்வார்கள். கட்டமிட்ட துணியில் ஆடையும் தலைத்துணியும் அணிந்து, பரந்த முகம் மலர அவர் பேசுவார். மூதாட்டி பேசிய மொழியே பெட்டிக்குள்ளிருந்து வரும். நாட்டின் பெருமைக்குரிய ஒருவர் தம் பாட்டியைப் போலவே பேசுகிறார் என்று கண்ட குழந்தைகளின் முகத்தை நான் கண்டிருக்கிறேன்.

இந்நிலை ஜமைக்காவுக்கு மட்டும் உரியதன்று. செயிண்ட் லூசியாத் தீவில் கதை சொல்பவர் 'கிரிக்' என்று குரல் கொடுப்பார். கேட்போர் 'கிராக்' என்று விடையளித்த பின்பே கதை தொடங்கும். அத்தீவிற் பிறந்த டெரிக் வால்காட், மூன்று உடன்பிறந்தாரில் இளையவன் பேயை வெல்லும் நாட்டுப்புறக் கதையை நாடகமாக்கினார். 1958-இல் அரங்கேறிய அந்நாடகத்தில் கதையைச் சொல்வது ஒரு தவளை. பாட்டிமார் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த அவருக்கு 1992-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. டிரினிடாடு தீவைச் சேர்ந்தவர் சாமுவேல் செல்வான். அவர் தந்தையார் சென்னையிலிருந்து குடியேறிய தமிழர். லண்டனில் வாழும் தீவினரைப் பற்றி ஒரு நாவலைச் செல்வான் பொது ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார், எழுத்து ஓடவில்லை. பிறகு தம் தீவின் பேச்சுநடைக்கு மாறினார். கதை தடையின்றி ஓடியது. 1956-இல் வெளிவந்த அந்நாவல் இன்றும் போற்றப்படுகின்றது. பார்படோஸ் தீவின் கவிஞர் கமாவ் பிராத்வைட், புயலைக் கண்முன் கண்ட தீவுக் குழந்தைகள் அதனை விட்டுக் காணாத பனியைப் பற்றி எழுதும் நிலையைச் சுட்டிக்காட்டி வருந்தினார். அதைப் படித்தபோது, பனியின் கதை சொன்ன என் மாணவனை நினைத்துக்கொண்டேன்.

மக்கள் மொழிக்கு இலக்கணம் இல்லை என்னும் என் எண்ணமும் பிழையே. 'பிக்னி' என்றால் குழந்தை. அதன்பின் 'டெம்' என்று சேர்த்தால் குழந்தைகள். இது அம்மொழியின் பன்மை விதி. அச்சிறுமி விதியை மீறவில்லை. தன் மொழியின் விதியைப் பிழையறக் கடைப்பிடித்தாள். இன்னொன்று காணுங்கள். இன்றைய ஆங்கிலத்தில் ஒருவரை விளித்தாலும் பலரை விளித்தாலும் 'யூ' என்னும் ஒரே சொல்தான். ஜமைக்க மொழியிலோ பலரை விளிக்க 'உனு' என்று தனிச்சொல் உண்டு. அது ஆப்பிரிக்காவின் இக்போ மொழியிலிருந்து வந்தது. நீ என்றும் நீங்கள் என்றும் வேறுபடுத்திப் பேசும் தமிழனாகிய நான் இதனை அன்றோ முதலில் உணர்ந்திருக்கவேண்டும்! ஏட்டில் ஒரு நடையும் வீட்டில் ஒரு நடையுமாகத் தமிழைப் பயின்ற எனக்கு, வீட்டு நடை இழிந்தது என்று எப்படித் தோன்றியது? அம்மொழியின் சொற்களுக்கு விரிவான அகராதி 1967-ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. அது தலைமையாசிரியையின் பேழையிலும் இருந்தது. நான் கேட்கவில்லை, அதனால் அறியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை இறுதிப் பாடவேளையில் வகுப்பின் முன் நின்றேன். "பிள்ளைகளே, முன்பு ஒருநாள் உங்களுள் ஒருத்தி சொன்ன கதையை நான் மூன்று முறை நிறுத்தினேன். அவள் மறந்து போயிற்று என்றாள். அவள் மறக்கவில்லை, நான்தான் கேட்கத் தெரியாதவனாக இருந்தேன். இன்று அவள் மனமிருந்தால் சொல்லட்டும், இல்லையெனில் வேண்டா" என்று கூறிவிட்டு, கடைசி வரிசையில் மாணவரோடு சென்று அமர்ந்தேன்.

நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. சன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. சிறுமி தலை நிமிரவில்லை. அன்று அவள் எழுந்து வராமற்போனால், அதனையும் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். பாடவேளை முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்தபோது, அவள் மெல்ல எழுந்து முன்னே சென்றாள். தொடக்கத்திலிருந்து சொல்லவில்லை. புலி சிரிக்கும் இடத்திலிருந்து தொடங்கினாள். மணி அடித்ததும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

கதை முடிந்தபோது, வழக்கப்படி அவள் ஜாக் மண்டோராவை விளித்து, பழி தன்னுடையதன்று என்று சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு நான் ஒன்று செய்தேன். அவள் சொன்னதைக் கரும்பலகையில் அவள் மொழியிலேயே எழுதினேன். பக்கத்தில் அதனை ஆங்கிலத்தில் எழுதுமாறு வகுப்பைக் கேட்டேன். அவ்வாண்டில் நான் நடத்திய இலக்கணப் பாடங்களுள் அதுபோல் மாணவர் ஊன்றிக் கற்ற பாடம் வேறில்லை. இரு மொழியையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொன்றின் விதியும் அவர்களுக்குத் தெளிவாயிற்று. ஒன்றைக் கொன்று மற்றொன்றைக் கற்பிக்கத் தேவையில்லை என்பதும் எனக்குத் தெளிவாயிற்று.

என் பணிக்காலம் முடிந்து நான் விடைபெற்றபோது மூதாட்டி ஒரு கூடை சீமைப்பலாக் காய்களைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஐயா, உங்கள் ஊருக்குச் சிலந்தியையும் அழைத்துப் போங்கள். அவனுக்குக் கப்பற்பயணம் புதிதன்று" என்றார்.

ஆண்டுகள் பல கடந்தன. லூயிஸ் பென்னட் அம்மையார் 2006-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் கனடா நாட்டு டொராண்டோ நகரில் காலமானார். ஜமைக்கா அவருடைய உடலைத் தாய்நாட்டிற்குக் கொணர்ந்து, கிங்ஸ்டனில் தேசிய வீரர் பூங்காவில் அடக்கம் செய்தது. 2012-ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு முழுவதும் ஜமைக்க மொழியில் வெளிவந்தது. ஒருகாலத்தில் பள்ளியில் பேசக் கூசிய மொழி, திருக்கோயிலில் ஓதும் மொழியாயிற்று.

மாணவர்களே! பெரிய நூல்களைப் படியுங்கள், பிறமொழிகளையும் பயிலுங்கள். ஆனால் எழுத்தறியாத ஒருவர் உங்களுக்குக் கதை சொல்லும்போது, அவர் சொல்லில் பிழை தேடாதீர்கள். நூற்றாண்டுகளாக ஒரு வாயிலிருந்து மற்றொரு செவிக்கு வந்து, உங்களிடம் சேர்ந்திருக்கும் செல்வம் அது. நடுவில் ஒருவர் கேட்க மறுத்தால் அது அங்கேயே அறுந்துபோகும். அதனை அறுக்க இருந்தவன் நான் என்பதை நினைக்கும்போது இன்றும் என் நெஞ்சம் நடுங்குகிறது.

நான் சொல்லவந்த கதை முடிந்தது. ஜமைக்க வழக்கப்படி வாயிற்காவலன் ஜாக் மண்டோராவிடம் நானும் ஒரு சொல் சொல்லவேண்டும். கதை அச்சிறுமியுடையது, அவள் பாட்டியுடையது, கடல் கடந்துவந்த அந்தச் சிலந்தியுடையது. இதிலுள்ள பிழை மட்டும் என்னுடையது.